இன்னோவா 2.5 டீசல், 1.86 லட்சம் கிமீ, டைமிங் பெல்ட்டுக்கு 14,000 கேக்குறாங்க, இப்பவே மாத்தணுமா?

திண்டுக்கல்_இன்னோவா:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் 2011 மாடல் இன்னோவா 2.5 டீசல் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். மீட்டர்ல 1,86,000 கிமீ. வண்டி நல்லா இருக்கு, புகை இல்ல, ஏசி சூப்பர், சஸ்பென்ஷன்ல லேசா சத்தம் அவ்ளோதான். ஆயில் மாத்த ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், அவங்க பாத்துட்டு டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வ சரியான நேரத்துக்கு தொறந்து மூட வைக்கிற ரப்பர் பெல்ட்டாம்) மாத்துனதா தெரியல சார், அத டைட்டா வைக்கிற டென்ஷனர், அது ஓடுற ஐட்லர் உருளை எல்லாம் சேத்து 14,000 ஆகும்னாங்க. வித்தவர்கிட்ட கேட்டா "அதெல்லாம் 1 லட்சத்துலயே பாத்தாச்சு"ங்கிறார், பில் இல்ல. டேஷ்போர்டுல டைமிங் பெல்ட் மாத்தச் சொல்ற டி-பெல்ட் லைட்டும் எரியல. வண்டி வாங்கி, பேர் மாத்தி, இன்சூரன்ஸ் போட்டு கையில காசு காலி. அடுத்த மாசம் குடும்பத்தோட திருச்செந்தூர் போறோம், மொட்டை போடணும், பாப்பாவுக்கு ஒரு வயசு. போய்ட்டு வந்து மாத்திக்கலாமா இல்ல இப்பவே செய்யணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

டர்போ_தம்பி:
மாத்திடுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம்.

பழைய_டிரைவர்:
தம்பி, நான் 26 வருஷமா வண்டி ஓட்டுறேன். ஒர்க்‌ஷாப்ல விட்டாலே பெரிய லிஸ்ட் ஒண்ணு நீட்டுவாங்க, அதுல பாதி தேவையில்லாதது. என்கிட்ட முன்ன இருந்த சின்ன பெட்ரோல் கார்ல பெல்ட் அறுந்துச்சு, ரோட்டோரத்துல நின்னேன், லோக்கல் மெக்கானிக் வந்து புது பெல்ட் போட்டார், ஒண்ணரை மணி நேரம், கிளம்பி வந்துட்டேன். என்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. லைட் எரியலன்னா ஓட்டுங்க, எரிஞ்சா மாத்துங்க. கம்பெனிக்காரன் சும்மாவா லைட் வெச்சிருக்கான்.

கோவை_ஸ்பேனர்:
பழைய டிரைவர் அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனா இந்த ஒரு விஷயத்துல தம்பிய தப்பான பக்கம் அனுப்பிடாதீங்க. நான் சொந்தமா சின்ன ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கேன், டீசல் வண்டிதான் அதிகம் வரும்.

முதல்ல அந்த லைட் என்னன்னு புரிஞ்சுக்கணும். இன்னோவால டி-பெல்ட் லைட் பெல்ட்ட பாக்குறதே இல்ல. பெல்ட் பக்கத்துல சென்சார் கிடையாது. அது கிலோமீட்டர மட்டும் எண்ணும், குறிச்ச கிமீ வந்ததும் எரியும், அவ்ளோதான். மீட்டர்ல இருக்கிற பட்டனையும் சாவியையும் வெச்சே அத ரீசெட் பண்ணி அணைச்சிடலாம், பெல்ட்ட தொடவே வேணாம். அதனால லைட் எரியலங்கிறது பெல்ட் மாத்துனதுக்கு சாட்சி ஆகாது.

அடுத்தது, உங்க பெட்ரோல் கார்ல ஒண்ணும் ஆகலன்னா அந்த என்ஜின்ல வால்வு முழுசா கீழ இறங்கி நின்னாலும் பிஸ்டன் மேல வந்து இடிக்காத அளவுக்கு இடம் விட்டிருந்திருக்கான். சில பெட்ரோல் என்ஜின் அப்படி உண்டு. டீசல்ல அந்த பேச்சுக்கே இடமில்ல. கணக்கு போட்டு பாருங்க, இந்த இன்னோவா என்ஜின் 2494 சிசி, நாலு சிலிண்டர், ஒண்ணுக்கு 623 சிசி. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்ல காத்த எத்தனை மடங்கு அமுக்குதுங்கிறது, சுமாரா 18க்கு 1னு வெச்சுக்கிட்டா பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 36, 37 சிசி. ரெண்டரை டேபிள்ஸ்பூன் தண்ணி புடிக்கிற இடம். அதுலயும் பெரும்பகுதி பிஸ்டன் தலையில இருக்கிற குழிக்குள்ள போயிடும். வால்வு தொறந்து நிக்க அங்க ஏது இடம்? பெல்ட் அறுந்தா கேம், அதாவது வால்வ தொறக்கிற தண்டு, நின்னுடும், வால்வு எப்படி தொறந்திருந்துச்சோ அப்படியே நிக்கும், வண்டி ஓடுற வேகத்துல பிஸ்டன ஏத்தி இறக்குற கிராங்க் தண்டு சுத்திக்கிட்டேதான் இருக்கும், பிஸ்டன் வந்து வால்வ அடிக்கும். அரை செகண்ட் கூட ஆகாது.

பெல்ட்டு படுற பாட்டையும் சொல்றேன். 80ல போகும்போது என்ஜின் 2000 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 2000 சுத்து பக்கம்னு வெச்சுக்குங்க. கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா கேம் ஒரு சுத்து, அப்போ நிமிஷத்துக்கு 1000 சுத்து. 1 லட்சம் கிமீய 80ல ஓட்டுனா 1250 மணி நேரம். அதுல கேம் ஏழரை கோடி தடவை சுத்தியிருக்கும், ஒவ்வொரு வால்வும் ஏழரை கோடி தடவை தொறந்து மூடியிருக்கும். மொத்தம் 16 வால்வு. ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிங்க அமுக்கி வால்வ தொறக்கிற அந்த இழுவை எல்லாம் ஒரு ரப்பர் பெல்ட்டோட பல்லு மேலதான் விழுது. உள்ள கண்ணாடி நார் கயிறு இருக்கு, அதனாலதான் இவ்ளோ தாங்குது. ஆனாலும் ரப்பர் ரப்பர்தான்.

நெடுஞ்சாலை77:
இத எழுதவே கை வரல, ஆனா திண்டுக்கல் தம்பி கைக்குழந்தையோட போறேன்னு சொன்னதால எழுதுறேன்.

2019 தீபாவளிக்கு முன்னாடி சென்னைல இருந்து திருச்சிக்கு வந்துட்டிருந்தோம். நான், வீட்டுக்காரி, ரெண்டு பசங்க, பின் சீட்ல அம்மா. வண்டி டீசல், 1.3 லட்சம் ஓடியிருந்துச்சு. எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம், தப்பு வண்டி மேல இல்ல. ஆறு மாசம் முன்னாடியே மெக்கானிக் 9,500 ஆகும், பெல்ட் மாத்திடுங்க சார்னு சொன்னார். பையன் ஸ்கூல் பீஸ் கட்டுற நேரம், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டைக்கு கொஞ்சம் முன்னாடி, ராத்திரி ஒம்பதே கால் இருக்கும், வலது லேன்ல 90ல போறேன். எந்த சத்தமும் முன்னாடி வரல. எந்த லைட்டும் எரியல. "டக்"னு ஒரே ஒரு சத்தம், அடுத்து என்ஜின் இல்ல. ஆக்சிலேட்டர் மிதிக்கிறேன் ஒண்ணுமே இல்ல. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பிரேக் ரெண்டு தடவை மிதிச்சேன், அதுக்கப்புறம் அதுவும் கெட்டியாயிடுச்சு. பின்னாடி லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான். ஹசார்ட் போட்டு, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க இழுத்து, எப்படியோ இடது ஓரத்துக்கு கொண்டு வந்துட்டேன். அம்மா முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அந்த குரல் இன்னும் காதுல இருக்கு.

அதுக்கப்புறம்தான் பெரிய தப்பு பண்ணேன். டீசல் அடைப்பா இருக்கும்னு நினைச்சு ஆறேழு தடவை செல்ஃப் அடிச்சேன். வழக்கமா செல்ஃப் அடிச்சா "கர்ர் கர்ர்"னு இழுத்து இழுத்து சுத்தும்ல, அன்னிக்கு எந்த இழுப்பும் இல்லாம விர்ருனு லூசா சுத்துச்சு, நடுவுல டொக்கு டொக்குன்னு சத்தம். மறுநாள் ரெக்கவரி வண்டில ஏத்தி ஊருக்கு கொண்டு வந்து என்ஜினோட மேல்பாகமான ஹெட்ட இறக்குனா எட்டு வால்வு வளைஞ்சிருக்கு, ஒரு பிஸ்டன் தலையில வால்வு அடிச்ச தழும்பு பிறை மாதிரி பதிஞ்சிருக்கு. வால்வ அமுக்குற ராக்கர் உடைஞ்ச துண்டு ஆயில்ல கிடந்துச்சு. லேத் வேலை, வால்வு, கைடு, பிஸ்டன், கேஸ்கெட், ரெக்கவரி கூலி எல்லாம் சேத்து 84,000. வண்டி 19 நாள் ஷெட்ல. தீபாவளிக்கு பஸ்ல ஊருக்கு போனோம்.

9,500 ரூபா தம்பி. தள்ளிப் போட்டது அந்த 9,500தான். காசு போனது கூட பரவால்ல, அந்த லாரி ஹாரன்.

கோவை_ஸ்பேனர்:
அண்ணே, அம்மாவும் பசங்களும் நல்லபடியா வந்ததே பெரிசு.

நீங்க சொன்ன செல்ஃப் சத்தத்த எல்லாரும் மனசுல வெச்சுக்குங்க. ஓடிட்டிருந்த என்ஜின் திடீர்னு ஆஃப் ஆகி, செல்ஃப் அடிச்சா இழுப்பு இல்லாம லூசா சுத்துனா அதோட சாவிய எடுத்துடணும். மறுபடி அடிக்க அடிக்க சேதம் கூடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கியர்ல போட்டு கட்டி இழுக்கவும் கூடாது. நியூட்ரல்ல வெச்சு பிளாட்பெட் ரெக்கவரி லாரில ஏத்துங்க. பிரேக் கெட்டியாகிறதுக்கும் காரணம் இருக்கு, பிரேக் மிதிக்க உதவுற வேக்கம் என்ஜின் ஓடுனாதான் கிடைக்கும், மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு மிதியோட தீந்துடும். அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தி ஓரம் கட்டுங்க.

அண்ணாநகர்_ஐ10:
நான் இங்க புதுசு. அப்பாவோட ஐ10 இப்ப நான் ஓட்டுறேன், 1.1 என்ஜின், 2012 மாடல், ஓடுனது வெறும் 34,000 கிமீ. அப்பா கோயில், ஆஸ்பத்திரி தவிர எங்கயும் எடுக்க மாட்டார். இவ்ளோ கம்மியா ஓடுன வண்டிக்கும் பெல்ட் மாத்தணுமா? கிமீ இன்னும் நிறைய இருக்கே?

கோவை_ஸ்பேனர்:
மாத்தணும்மா. உங்க 1.1ல பெல்ட்தான், 1.2 கப்பா என்ஜினா இருந்தா பெல்ட்டுக்கு பதிலா இரும்பு செயின். மேனுவல்ல கிமீ ஒண்ணு, வருஷம் ஒண்ணுன்னு ரெண்டும் போட்டிருப்பாங்க, எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. வீட்டுல ரப்பர் பேண்ட ஒரு டப்பாக்குள்ள போட்டு வெச்சு நாலஞ்சு வருஷம் கழிச்சு எடுத்து இழுத்தீங்கன்னா பட்டுனு அறுந்துடும்ல, அத யாரும் யூஸ் பண்ணல ஆனாலும் அறுந்துச்சு. என்ஜின் சூட்டுல, சென்னை வெயில்ல, அதுவும் பத்து வருஷத்துக்கு மேல இருக்கிற பெல்ட் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். கம்மியா ஓடுன வண்டிலதான் யாரும் இத கவனிக்க மாட்டாங்க, அதான் எனக்கு அந்த வண்டிங்க மேல பயம் ஜாஸ்தி.

டர்போ_தம்பி:
ஸ்பேனர் அண்ணா, எந்தெந்த வண்டில பெல்ட், எதுல செயின்னு ஒரு தடவை சொல்லிடுங்களேன், நிறைய பேருக்கு அதுவே தெரியாது. என் பிரெண்டு ஒருத்தன் ஸ்விப்ட் டீசலுக்கு பெல்ட் மாத்தணும்னு தேடிட்டு இருந்தான்.

கோவை_ஸ்பேனர்:
எல்லாத்தையும் சொல்ல முடியாது தம்பி, கை பழகினத சொல்றேன். ஸ்விப்ட், டிசையர், ரிட்ஸ்ல வந்த 1.3 டீசல் செயின். மாருதி கே சீரிஸ் பெட்ரோல் செயின், அதுக்கு முந்தின பழைய 800, ஆல்ட்டோ 800 சிசி, ஜென் எல்லாம் பெல்ட். பழைய சாண்ட்ரோ பெல்ட். இண்டிகா 1.4 டீசல் பெல்ட். டஸ்டர், டெரானோல வந்த 1.5 டீசல் பெல்ட். பிகோ, பியஸ்டா 1.4 டீசலும் அப்புறம் வந்த 1.5 டீசலும் பெல்ட். போலோ, வென்டோ, ரேபிட் 1.5 டீசல் பெல்ட். ஜீப் காம்பஸ், ஹாரியர்ல இருக்கிற 2 லிட்டர் டீசலும் பெல்ட்தான், விலை கூடின வண்டின்னு செயின் இருக்கும்னு நினைக்காதீங்க. இன்னோவால 2005ல இருந்து வந்த 2.5க்கு பெல்ட், 2016ல கிரிஸ்டா வந்தப்போ 2.4 செயினுக்கு மாறிடுச்சு.

செயின்னா கவலையே இல்லன்னும் இல்ல. ஆயில் லேட்டா மாத்துனா, மட்டமான ஆயில் ஊத்துனா செயின் நீளும், டென்ஷனர் வீக் ஆகும், காலைல முதல் ஸ்டார்ட்ல கலகலன்னு சத்தம் வரும். பெல்ட்ட விட அது கொஞ்சம் நாகரிகம், சத்தம் போட்டு சொல்லும். பெல்ட் சொல்லாது.

மறைமலை_எக்கோ:
எக்கோஸ்போர்ட் வெச்சிருக்கேன், 1.5 பெட்ரோல், மூணு சிலிண்டர் டிராகன் என்ஜின். இதுல பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடுதுன்னு சொல்றாங்களே, அது எப்படி? ரப்பர் மேல ஆயில் படக்கூடாதுன்னுதான சொல்வாங்க?

கோவை_ஸ்பேனர்:
ஆமா, அது ஆயில்ல ஓடுறதுக்குன்னே செஞ்ச பெல்ட், 1 லிட்டர் எக்கோபூஸ்ட்லயும் அப்படித்தான். உராய்வு கம்மி, சத்தம் கம்மி, நிறைய கிமீ தாங்கும்னு செஞ்சது. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, மேனுவல்ல சொன்ன ஸ்பெக் ஆயில்தான் ஊத்தணும், நேரத்துக்கு மாத்தணும். வேற ஆயில் ஊத்துனா பெல்ட் ஊறி, ஓரம் பிஞ்சு, அந்த துகள் எல்லாம் என்ஜின் அடில ஆயில் தேங்குற சம்ப்ல இருக்கிற ஆயில் சல்லடைய போய் அடைக்கும். அடைச்சா ஆயில் பிரஷர் போயிடும், அப்புறம் பெல்ட் அறுறதுக்கு முன்னாடியே என்ஜின் போயிடும். ஆயில்ல 600 ரூபா மிச்சம் பண்ண போய் வண்டிய இழந்துடாதீங்க. சாதா பெல்ட்டுக்கு நீங்க கேட்ட மாதிரி ஆயில் பட்டாலே ஆகாது, கேம் தண்டுகிட்ட ஆயில் கசியாம தடுக்கிற கேம் சீல் லீக் இருந்தா புது பெல்ட்டும் சீக்கிரம் போயிடும்.

பழைய_டிரைவர்:
சரிப்பா, டீசல் விஷயம் நீங்க சொல்றது நியாயம். நெடுஞ்சாலை தம்பி எழுதினத படிச்சேன், மனசு கஷ்டமா போச்சு. ஆனா திண்டுக்கல் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். 14,000ங்கிறது எதுக்கெல்லாம்னு பிரிச்சு எழுதி வாங்கு. பெல்ட்டு கூடவே என்ஜின் பிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் கிளீனிங்னு சேத்து விட்டிருப்பாங்க, அது எதுவும் இப்ப வேண்டாம்னு சொல்லு. இன்னொண்ணு, பெல்ட்ட உன் முன்னாடி பிரிக்க சொல்லு, கழட்டின பழைய பார்ட்ஸ கையில வாங்கிக்கோ. நான் எப்பவும் அப்படித்தான் வாங்குவேன்.

கோவை_ஸ்பேனர்:
அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு சரி.

தம்பி, இன்னோவாக்கு என்ன வேணும்னா பெல்ட், ஹைட்ராலிக் டென்ஷனர், ஐட்லர் பேரிங், இந்த மூணும் கட்டாயம். பெல்ட் மட்டும் மாத்திட்டு பழைய பேரிங்க விட்டா, அந்த பேரிங் ஜாம் ஆனாலும் புது பெல்ட் அறுந்துடும், அப்ப செஞ்ச செலவெல்லாம் வீண். கேம் சீல்ல ஈரம் இருந்தா அதையும் மாத்துங்க, சின்ன காசுதான். வாட்டர் பம்ப் இதுல டைமிங் பெல்ட்ல ஓடல, வெளி பெல்ட்ல ஓடுது, லீக் இல்லன்னா தொடவே வேணாம், யாராவது சேத்து மாத்தணும்னா ஏன்னு கேளுங்க. டஸ்டர் டீசல், போக்ஸ்வேகன் டீசல் மாதிரி வண்டில பம்ப் இந்த பெல்ட்லயே ஓடும், அங்க சேத்து மாத்துறதுதான் புத்திசாலித்தனம், இல்லன்னா பம்ப் லீக் ஆனதும் அதே லேபர மறுபடி குடுக்கணும்.

ஸ்பேர்ஸ் டீலர் கவுன்டர்ல பார்ட் நம்பர் சொல்லி பில்லோட வாங்குங்க. சென்னைக்காரங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுல வாங்குனாலும் தெரிஞ்ச கடைல வாங்குங்க, பெரிய பிராண்ட் பேர்ல டூப்ளிகேட் பெல்ட் நிறைய சுத்துது. டப்பா அசல் மாதிரியே இருக்கும், பெல்ட் முதுகுல எழுத்து மங்கலா இருக்கும், நகத்தால சுரண்டுனா போயிடும். கழட்டின பெல்ட், யூஸ்டு பெல்ட் சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

வேலை நடக்கும்போது கிட்ட நின்னு பாருங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி பெல்ட் ஓடுற புல்லி சக்கரத்துல இருக்கிற மார்க்க சேத்து வெப்பாங்க. டென்ஷனர் ராட வைஸ்ல வெச்சு மெதுவா அமுக்கி, ஓட்டைல சின்ன பின் ஒண்ண சொருகி பூட்டுவாங்க. பெல்ட்ட மாட்டி டென்ஷனர முடுக்கின பிறகு அந்த பின்ன உருவினா ராட் வெளிய வந்து பெல்ட்ட தானா டைட் பண்ணிக்கும். அதுக்கப்புறம்தான் முக்கியம், சாவி போடுறதுக்கு முன்னாடி கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டு கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்தி மார்க் மறுபடி சேருதான்னு பாக்கணும். ஒரு பல்லு தள்ளி மாட்டியிருந்தா அங்கயே தெரிஞ்சிடும். கையால சுத்தாம நேரா செல்ஃப் அடிக்கிற ஆள்கிட்ட வேலைய குடுக்காதீங்க.

திண்டுக்கல்_இன்னோவா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நெடுஞ்சாலை அண்ணா, நீங்க எழுதினத வீட்டுல படிச்சு காட்டினேன். மனைவி பாப்பா வளையலுக்குன்னு எடுத்து வெச்ச காச எடுத்து கையில குடுத்துட்டா, முதல்ல இத பண்ணுங்கன்னு. வெள்ளிக்கிழமை வண்டிய விடுறேன். பிரிச்சு கேட்டேன், பழைய டிரைவர் ஐயா சொன்ன மாதிரியே இன்ஜெக்டர் கிளீனிங்னு ஒரு 2,200 அதுல இருந்துச்சு, வேணாம்னு சொல்லிட்டேன், அவங்களும் ஒண்ணும் சொல்லல.

அண்ணாநகர்_ஐ10:
அப்பாகிட்ட பேசிட்டேன், எங்க வண்டியும் திங்கக்கிழமை போகுது. பெல்ட் கடைசியா எப்ப மாத்துனீங்கன்னு கேட்டேன், பெல்ட்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டார்.

திண்டுக்கல்_இன்னோவா:
வேலை முடிஞ்சுது. காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டு மணிக்கெல்லாம் வண்டி ரெடி. பெல்ட் 2,450, டென்ஷனர் 4,300, ஐட்லர் 1,950, கேம் சீல் 380, லேபர் 2,500, மொத்தம் 11,580.

கவர் கழட்டினதும் எட்டிப் பாத்தேன். மேலாப்புல பெல்ட் கருப்பா நல்லாத்தான் இருந்துச்சு, எனக்கே ஒரு நிமிஷம் அவசரப்பட்டுட்டோமோன்னு தோணுச்சு. கழட்டி கையில குடுத்தாங்க. பின்பக்கமா வளைச்சு பாத்தேன், பல்லுக்கு அடில ஒவ்வொரு பள்ளத்துலயும் மயிர் மாதிரி விரிசல். ஒரு இடத்துல ஓரத்துல நூல் பிரிஞ்சு வெள்ளையா நாலஞ்சு இழை வெளிய வந்திருக்கு. முதுகுல எழுத்து ஒண்ணு கூட இல்ல, வழவழன்னு இருக்கு. டென்ஷனர் ராட சுத்தி எண்ணெய் கசிஞ்சு தூசி அப்பியிருந்துச்சு. ஐட்லர கையில சுத்துனா கரகரன்னு மணல் அரைக்கிற சத்தம். மெக்கானிக் அண்ணன் ரெண்டு கையாலயும் பெல்ட்ட புடிச்சு ஒண்ணும் பேசாம என்ன பாத்தார்.

ஸ்பேனர் அண்ணா சொன்ன மாதிரி ஸ்பேனர் போட்டு ரெண்டு சுத்து சுத்தி காட்டினார், நான் கேக்கறதுக்கு முன்னாடியே.

கோவை_ஸ்பேனர்:
நல்ல ஆள்தான் கிடைச்சிருக்கார், அவர விடாதீங்க. நீங்க சொல்றத பாத்தா அது கம்பெனில இருந்து வந்த முதல் பெல்ட்டாவே இருக்கணும். 1.86 லட்சம், அதுவும் அத்தனை வருஷம். மேல் கவர்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மாத்துன தேதி, கிமீ எழுதிடுங்க, அடுத்தது 2,86,000னும் எழுதுங்க. வண்டிய நீங்க வித்தாலும் வாங்குறவனுக்கு தெரியும்.

திண்டுக்கல்_இன்னோவா:
ஸ்டிக்கர் ஒட்டியாச்சு அண்ணா. வித்தவர் மேல கோவமா இருந்துச்சு, போட்டோ எடுத்து அனுப்பி என்ன சார் இப்படின்னு கேட்டேன். உடனே போன் பண்ணார். 1 லட்சத்துல லைட் எரிஞ்சிருக்கு, பக்கத்துல ஒரு கடைல விட்டிருக்கார், அவங்க 500 ரூபா வாங்கிட்டு "சரி பண்ணியாச்சு"ன்னு குடுத்திருக்காங்க. லைட் அணைஞ்சதால பெல்ட் மாத்திட்டாங்கன்னே இத்தனை வருஷமா நம்பியிருக்கார். அந்த வண்டில தான் அவர் பொண்ண பிரசவத்துக்கு மதுரைக்கு ராத்திரி கூட்டிட்டு போனாராம், சபரிமலைக்கு நாலு தடவை போயிருக்கார். சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இப்ப அவர் வெச்சிருக்கிறது 2014 டஸ்டர் டீசல், அதுவும் செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, அதுக்கும் பில் இல்ல. மெக்கானிக் நம்பர் கேட்டார், அனுப்பிட்டேன்.